நடுவயதில் நெடுந்தூர சைக்கிள்: உடம்பு வலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிளைக் கையில் எடுத்தவர்களும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி ஓட்டத் தொடங்கியவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். இருபது கிலோமீட்டர் வரை சுகமாகப் போகிறது, அதற்கு மேல் ஏதாவது ஓர் இடம் வலிக்க ஆரம்பிக்கிறது, என்ன செய்வது? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை வயதால் வரும் வலி கொஞ்சம்தான். சைக்கிள் உடம்புக்குப் பொருந்தாததாலும், ஒரே மாதிரி உட்கார்ந்து ஓட்டுவதாலும் வருவதே அதிகம். அதைக் குறைக்க வழி இருக்கிறது. அந்த வழிகளை நம்மூரான சிங்கப்பூரின் வெயிலுக்கும் பாதைகளுக்கும் ஏற்றபடி இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல; எந்த இடத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

நீண்ட தூரம் ஓட்டினால் வலிக்கத்தானே செய்யும்? எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

தொடை கனப்பது, மறுநாள் படி இறங்கும்போது தசை பிடிப்பது எல்லாம் உழைத்த தசையின் அசதி. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். பொறுத்துக்கொள்ளலாம்.

மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரு காலில் மட்டும் வருகிற வலி, விரலோ தொடை இடுக்கோ மரத்துப்போவது, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் அதே இடத்தில் தொடங்குகிற வலி, இவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. இருபது வயதில் அப்படி ஓட்டித் தப்பித்திருக்கலாம். ஐம்பதில் வீங்கிய தசைநார் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

வலி வந்தால் எங்கே வலிக்கிறது, எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்கியது என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். "முட்டி வலி" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. "வலது முட்டிச் சில்லுக்குக் கீழே, தானா மேரா தாண்டியதும் தொடங்குகிறது" என்று சொன்னால் சைக்கிள் கடைக்காரரும் பிசியோதெரபிஸ்டும் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் மலையே இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு வலி?

மலை இல்லாததே ஒரு காரணம். மேடு பள்ளமான ஊரில் ஓட்டுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்தில் மிதிக்காமல் உடம்பைத் தளரவிடுவார். பின்பக்கத்துக்கும் முதுகுக்கும் கைக்கும் அவர் நினைக்காமலே ஓய்வு கிடைத்துவிடும். நமக்கு அது கிடையாது. சாங்கி விமான ஓடுபாதையை ஒட்டிப் போகிற தானா மேரா கோஸ்ட் சாலைப் பக்கம் நேர்கோடாக நீண்டுகொண்டே போகும். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, பிடித்த இடத்தைப் பிடித்தபடி அரை மணி நேரம் ஓட்டுகிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும். அப்போது இன்னும் குனிந்துகொள்வோம். மரத்துப்போவதும் கழுத்து இழுப்பதும் அந்தப் பகுதியில்தான் தொடங்கும்.

பாதை தராத ஓய்வை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரம் அதிரும்படி வையுங்கள். அதிர்ந்ததும் எழுந்து நின்று இருபது மிதி. பிறகு பிடியை மாற்றுங்கள், தோளைக் காதுவரை தூக்கி இறக்குங்கள், ஒவ்வொரு கையாக உதறுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உட்காரும் இடம்தான் தாங்கவில்லை. தடிமனான ஜெல் சீட் வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை அவை. சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் முனைகள் இரண்டும் அமிழ்ந்து, நடுப்பகுதி மேலே பிதுங்கி மென்மையான சதையையும் நரம்பையும் அழுத்தும். அரை மணி நேர ஓட்டத்துக்கு ஜெல் சுகம். மூன்று மணி நேரத்துக்கு ஓரளவு கெட்டியான, சரியான அகலமுள்ள சீட்தான் சுகம்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். நெளிவரிகள் உள்ள அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான முக்காலியில் வையுங்கள். மெல்லிய அரைக்காற்சட்டையோடு அதன்மேல் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டுவதுபோல் முன்னே சாய்ந்து, குதிகாலைச் சற்றுத் தூக்கி அரை நிமிடம் இருங்கள். எழுந்து அட்டையை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சேர்த்தால் உங்கள் சீட்டின் அகலம். நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் சற்று அகலம் வேண்டும்.

அடுத்தது சாய்வு. ரசமட்டத்தைச் சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். மட்டமாக இருக்கலாம், சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, இம்மியளவு கீழே இருக்கலாம். மூக்கு தூக்கியிருந்தால் முன்பக்கம் அழுத்தும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் முன்னே வழுக்கிக்கொண்டே போவீர்கள், அந்த எடை முழுவதும் கைக்குப் போய்விடும்.

பிறகு உடை. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. இதைச் சொன்னால் நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். ஆனால் உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. கூச்சமாக இருந்தால் மேலே தளர்வான ஓர் அரைக்காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உரசும் இடத்தில் வாசலினோ சைக்கிளுக்கென்றே விற்கும் கிரீமோ தடவலாம்.

நம்மூருக்கு மட்டும் இன்னொன்று. ஓட்டம் முடிந்து நனைந்த ஷார்ட்ஸோடு பரோட்டாக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது பலருக்கு வழக்கம். தோல் புண்ணும் படர்தாமரையும் வருவது பெரும்பாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். மாற்று உடை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் போகுமுன் கழிவறையில் மாற்றிவிட்டுப் பிறகு உட்காருங்கள்.

தொடை இடுக்கில் மரத்துப்போகிறது. இது ஆபத்தா?

சீட் அங்கே ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்துகிறது என்று அர்த்தம். உடனே எழுந்து நில்லுங்கள். இறங்கி நடந்ததும் சில நிமிடங்களில் உணர்வு திரும்பினால் சீட்டைச் சரிசெய்தால் போதும். நடுவில் வெட்டுள்ள சீட் பலருக்கு உதவுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் மரத்தே இருந்தால், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால், தாம்பத்தியத்தில் சிரமம் ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, அவர்கள் தினமும் கேட்பதுதான்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு வார்த்தை. புரோஸ்டேட்டுக்காகப் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால் அதற்கு முந்தைய 48 மணி நேரம் சைக்கிள் ஓட்ட வேண்டாம். ஓட்டினால் அளவு கூடிக் காட்டலாம், வீண் கவலையாகிவிடும்.

நான் பெண். மாதவிடாய் நின்ற பிறகு சீட்டில் உட்காரவே எரிச்சலாக இருக்கிறது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு அந்தப் பகுதியின் தோல் மெலிந்து வறண்டுபோகும். முன்பு பொருந்திய சீட்டே இப்போது உறுத்தக் காரணம் அதுதான். நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் அகலமாகவும் நடுவில் வெட்டோடும் இருக்கும், பெண்களுக்கென்றே செய்த சீட்டைக் கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். வாசனை சேர்த்த கிரீமும் சோப்பும் வேண்டாம். ரோமத்தை மழித்துவிட்டு மறுநாள் நீண்ட தூரம் போக வேண்டாம், வேர்க்கால்களில் கொப்புளம் வரும். வறட்சிக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. பலதுறை மருந்தகத்தில் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம்.

முட்டி வலி. அறுபது கிலோமீட்டர் போக ஆசை, நாற்பதிலேயே முட்டி மறுக்கிறது.

முதலில் சீட்டின் உயரம். முட்டியின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வாகவோ ரொம்ப முன்னாலோ இருக்கக்கூடும். முட்டியின் பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கக்கூடும். வெளிப்பக்கமோ உள்பக்கமோ வலித்தால் பாதம் பெடலில் கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட் போட்டவர்களுக்கு அதைத் திருப்பி வைப்பதிலேயே பாதி சரியாகிவிடும்.

உயரத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூண் இருந்தாலே பார்த்துவிடலாம். சைக்கிளைத் தூணோடு ஒட்டி நிறுத்தி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஓட்டும்போது போடும் அதே காலணியோடு, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு அந்தப் பக்கம் சரியக் கூடாது. இடுப்பு சரிந்தால் சீட் உயரம், முட்டி மடிந்தே இருந்தால் தாழ்வு. அந்த உயரத்தில் வைத்துவிட்டு, முன்பாதத்தைப் பெடலில் வைத்துப் பார்த்தால் முட்டி இலேசாக மடிந்திருக்கும். ஏறக்குறைய 25 முதல் 35 பாகை. அதுதான் வேண்டியது. மாற்றும்போது ஒரு தடவைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். பழைய இடத்தில் சீட் கம்பியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு மாற்றுங்கள், திரும்பி வர வேண்டியிருந்தால் உதவும்.

இரண்டாவது கியர். பலமாக மிதித்தால்தான் உடற்பயிற்சி என்று கனமான கியரில் மெதுவாக மிதிப்பவர்கள் அதிகம். முட்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று சுற்றுகிற கியரில் ஓட்டுங்கள். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணுங்கள். 20 முதல் 22 வந்தால் சரி.

நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாலை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று போக வேண்டும். நிற்கும்போது கனமான கியரிலேயே இருந்தால், கிளம்பும் முதல் மூன்று மிதி முழுவதையும் முட்டிதான் தாங்கும். ஒரு காலையில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் பிடிக்குமுன்பே இரண்டு கியர் குறைத்துவிடுங்கள்.

ஓய்வாக இருக்கும்போதும் முட்டி வீங்கியிருந்தால், சூடாக இருந்தால், பூட்டிக்கொண்டதுபோல் மடங்க மறுத்தால் சீட்டை மாற்றிப் பயனில்லை. மருத்துவரைப் பாருங்கள்.

கைவிரல் மரத்துப்போகிறது.

எந்த விரல் என்று பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடிந்த நிலையில் எடை தாங்குகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், கையில் அதிக எடை. சீட்டின் மூக்கு தாழ்ந்திருக்கிறதா, ஹேண்டில்பார் ரொம்பத் தூரத்திலோ தாழ்விலோ இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிரேக் பிடியைத் திருப்பி, மணிக்கட்டு முழங்கையோடு நேர்கோட்டில் இருக்கும்படி செய்யுங்கள். முழங்கையைச் சற்று மடித்தே ஓட்டுங்கள்.

டயரையும் கவனியுங்கள். மர வேர் தூக்கிய நடைபாதைக் கற்களும் பாலங்களின் இணைப்புகளும் கொடுக்கும் அதிர்வு முழுவதும் கைக்குத்தான் வரும். சைக்கிள் இடம் கொடுத்தால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட்டு, கல்லாக இறுகும்வரை காற்றடிக்காமல் ஓட்டிப் பாருங்கள். அன்றே வித்தியாசம் தெரியும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு எளிதில் பாதிக்கப்படும். மரத்தது மறுநாளும் போகவில்லை, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கழுத்து வலிக்கு ஹெல்மெட்தான் காரணமா?

இருக்கலாம், ஆனால் நடுவயதில் முதலில் பார்க்க வேண்டியது மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகச் செய்த புரோகிரசிவ் கண்ணாடியில் தூரப் பார்வை மேல் பாதியில் இருக்கிறது. குனிந்து ஓட்டும்போது சாலை கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய்விடும். தெளிவாகப் பார்க்கத் தலையை இன்னும் பின்னே அண்ணாக்க வேண்டியிருக்கும். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தால் எந்தக் கழுத்தும் வலிக்கும். ஓட்டுவதற்கென்று தூரப் பார்வை மட்டும் உள்ள ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். மூக்கில் உயர்ந்து உட்காரும் பெரிய சட்டமாக இருக்கட்டும்.

அதோடு ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், அல்லது அதைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போடுங்கள். ஹெல்மெட்டின் முன் மறைப்பு பார்வையை மறைத்தால் அதைக் கழற்றிவிடுங்கள். தோள் வலியும் சேர்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனால் அது உறைதோளாக இருக்கலாம். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருவது அது, நீரிழிவுக்காரர்களுக்கு இன்னும் அதிகம். சைக்கிளை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

வாரம் முழுவதும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையின் பின்தசை இறுகிவிடும். அந்த இறுக்கத்தோடு ஞாயிற்றுக்கிழமை குனிந்தால் இடுப்பெலும்பு முன்னே சுழலாது, கீழ்முதுகுதான் வளையும். தினமும் இரவு ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து, ஒரு காலை நேராக மேலே தூக்கித் துண்டால் பாதத்தை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். சீட் உயரமாக இருந்து இடுப்பு இருபக்கமும் ஆடினாலும் இதே வலிதான் வரும். பின்னால் வருபவரிடம் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டுபவருக்கு அது தெரியாது.

வலி காலுக்குள் இறங்கினால் மருத்துவர். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ உடனே மருத்துவமனை.

பாதம் எரிகிறது.

வெயிலில் பாதம் வீங்கும், காலணி வீங்காது. பத்து கிலோமீட்டருக்குப் பிறகு பட்டையைத் தளர்த்துங்கள். அடுத்த முறை காலணி வாங்கும்போது மாலையில் போய் வாங்குங்கள்.

கெண்டைக்கால் தசை இழுத்துக்கொள்கிறது. உப்புக் குறைவா?

உப்பும் நீரும் குறைவது ஒரு பங்கு. பழகாத தூரத்தில் தசை களைத்துப்போவது பெரிய பங்கு. இழுத்தால் நின்று, விரலை முட்டிப் பக்கம் மடக்கிப் பிடியுங்கள், விட்டுவிடும்.

நம்மூரில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வை காயாமல் வழிந்தே போகிறது. உடம்பு குளிர்வதில்லை, நீர் மட்டும் குறைகிறது. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கிளம்புமுன்பும் திரும்பிய பிறகும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அப்படி லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு புட்டியில் 100பிளஸ் போன்ற உப்புச் சேர்ந்த பானம் இருக்கட்டும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான், ஆனால் வெயிலில் புளித்துவிடும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கோடு ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடலாம். வெயிலில் ஓட்டும் கடைசி ஒரு மணி நேரத்தில் வரும் வலி, முதல் மூன்று மணி நேரத்தில் வருவதைவிட அதிகம்.

கிளம்புமுன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால்?

தயவுசெய்து வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நம் வயதில் அதை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பாரசிட்டமால் சிறுநீரகத்துக்கு அந்த அளவு கெடுதல் இல்லை, ஆனால் நிறுத்தச் சொல்லும் வலியை மறைத்துவிடும். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். இனிப்பு மிட்டாய் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும், உடன் வருபவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதைக் கடந்தவர்கள் தங்களுக்கென ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்துகொள்ளலாம். அடுத்த முறை போகும்போது "மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன், என் மருந்துகளோடு ஒத்துப்போகுமா?" என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கோடாலித் தைலம், புலித் தைலம் தேய்க்கலாமா?

ஓட்டம் முடிந்து குளித்த பிறகு தாராளமாக. இதமாக இருக்கும். ஓட்டத்துக்கு முன்பு தொடையில் தேய்த்துவிட்டு ஷார்ட்ஸ் போடாதீர்கள், வேர்வையோடு வழிந்து போகக்கூடாத இடத்துக்குப் போகும். தோல் உரிந்த இடத்தில் எப்போதும் வேண்டாம்.

மடக்கு சைக்கிளில் அறுபது கிலோமீட்டர் போகலாமா?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். சக்கரம் சிறியது என்பதால் குலுக்கல் அதிகம், நேரான ஹேண்டில்பாரில் கைக்கு ஒரே பிடிதான். இரு முனையிலும் கொம்பு போன்ற பிடிகளைப் பொருத்தினால் கை மாற்ற இடம் கிடைக்கும். இதன் பெரிய நன்மை வேறு. மடித்த நிலையில் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்றலாம். வலி வந்த இடத்திலேயே ஓட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வர முடிகிற சைக்கிள், நடுவயதுக்கு மிகப் பொருத்தமான சைக்கிள்.

தூரத்தை எப்படிக் கூட்டுவது?

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள். நான்காவது வாரம் குறைத்து ஓட்டுங்கள். ஞாயிறு மட்டும் எண்பது ஓட்டுவதைவிட, வார நாளில் இரண்டு முறை பதினைந்து ஓட்டி ஞாயிறு ஐம்பது ஓட்டுவது உடம்புக்கு நல்லது.

முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது. சைக்கிள் மட்டும் அதைத் தடுக்காது, எலும்பையும் வலுவாக்காது, ஏனென்றால் உடம்பின் எடையைச் சீட் தாங்குகிறது. வாரம் இரண்டு நாள் வீட்டில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், படிக்கட்டு விளிம்பில் குதிகால் தூக்குங்கள், குப்புறப்படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குங்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையே இதற்குப் போதும்.

கடையில் பணம் கட்டி அளவு பார்த்துச் சரிசெய்துகொள்வது அவசியமா?

மேலே சொன்ன சீட் உயரம், சாய்வு, பிடி எல்லாம் மாற்றிப் பார்த்து இரண்டு மாதத்தில் தீரவில்லை என்றால் அவசியம். புதுச் சக்கரம் வாங்கச் சேர்த்த பணத்தை அதற்குக் கொடுங்கள்.

எப்போது ஓட்டத்தை நிறுத்தி உதவி கேட்க வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, அந்த வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வேர்வை, தலைசுற்றல்: உடனே இறங்கி உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று காத்திருக்காதீர்கள். உடன் வருபவர் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 995ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் நினைவிழந்து மூச்சும் சரியாக வரவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைத் தேடட்டும். வீவக புளோக்குகள் பலவற்றின் மின்தூக்கி அருகே அது சுவரில் இருக்கும்.

தீவைச் சுற்றி வர ஆசை. இந்த உடம்போடு முடியுமா?

முடியும், ஒரே நாளில் வேண்டாம். தீவைச் சுற்றி அமையும் ரவுண்ட் ஐலண்ட் ரூட் என்ற பாதை முழுமையடையும்போது 150 கிலோமீட்டர். கிழக்குப் பாதியான 75 கிலோமீட்டர், பெர்லாயர் கிரீக்கிலிருந்து ரோவர்ஸ் பே வரை, 2021 முதல் திறந்திருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பொங்கோல் என்று பெரும்பகுதி பூங்காப் பாதைதான். அதையே இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். முதல் ஞாயிறு சாங்கி கிராமத்தில் முடியுங்கள், அங்கே உணவங்காடி இருக்கிறது. அடுத்த ஞாயிறு அங்கிருந்து தொடங்குங்கள். நடுவில் நிற்கும்போது இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், தசை குளிர்ந்து இறுகிவிடும். சாப்பாடு பாதி வயிறு போதும். கோனி தீவுக்குள் போனால் பாதை மண்ணும் கல்லுமாக இருக்கும், கைக்கு வேலை அதிகம்.

மேற்குப் பக்கம் கிராஞ்சி, லிம் சூ காங் வழியாகப் போனால் லாரிகள் ஓடும் சாலையில் ஓட்ட வேண்டிவரும். சாலையில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வலிக்கிற நிலையில் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். கழுத்து சரியாகும்வரை கிழக்கே ஓட்டுங்கள்.